தொலைவிலிருந்து வரும் தாக்குதல்களிலிருந்து கணினியைக் காப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவர் இணையம் வழியாக நம் சொந்தக் கணினிக்குள் நுழைவதைத் தடுப்பது பற்றிய கேள்விகள் இவை. பதில்கள் பெரும்பாலும் விண்டோஸை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மேக், லினக்ஸ் வேறுபடும் இடங்களைத் தனியே சொல்லியிருக்கிறேன். கணினித் துறையில் இல்லாதவர்களும் தாங்களே செய்துகொள்ளக்கூடியவற்றை மட்டுமே சேர்த்திருக்கிறேன்.

என் கணினியில் திருடுவதற்கு ஒன்றுமே இல்லை. என்னை யார் தாக்கப் போகிறார்கள்?

உங்களைத் தேர்ந்தெடுத்து யாரும் வருவதில்லை. எல்லோரையும் தட்டிப் பார்க்கிறார்கள், அந்த எல்லோரில் நீங்களும் ஒருவர். ஐபிவி4 என்ற பழைய முகவரி முறையில் மொத்தம் ஏறத்தாழ 430 கோடி முகவரிகள்தான் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஸீமேப் என்ற நிரல், வேகமான இணைப்புள்ள ஒரே ஒரு கணினியைக் கொண்டு அவை அனைத்தையும் 45 நிமிடங்களுக்குள் சோதித்துவிட முடியும் என்று காட்டியது. ஆய்வுக்கு உதவும் அதே வித்தை திருடர்களுக்கும் உதவுகிறது. அவர்களுடைய நிரல்கள் இரவு பகலாக முகவரி முகவரியாகத் தட்டிக்கொண்டிருக்கின்றன. பதில் வருகிற இடத்தில் நின்று உள்ளே போக வழி தேடுகின்றன.

திருட ஒன்றுமில்லை என்பதும் சரியல்ல. உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், திறந்தபடி இருக்கும் மின்னஞ்சல், வங்கிக் கணக்கின் உள்நுழைவு, குடும்பப் படங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. இவை எதுவுமே இல்லையென்றாலும் உங்கள் இணைய இணைப்பு இருக்கிறது. அதை வைத்து வேறொருவரைத் தாக்கலாம், குப்பை மின்னஞ்சல் அனுப்பலாம். தடயம் உங்கள் முகவரியைத்தான் காட்டும்.

தொலைவில் இருப்பவர் உண்மையில் எப்படி உள்ளே வருகிறார்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

வெளியிலிருந்து எவ்வளவு தட்டினாலும், உள்ளேயிருந்து பதில் சொல்ல ஒன்று இருந்தால்தான் நுழைய முடியும். பதில் சொல்வது ஒரு நிரலாக இருக்கலாம், அல்லது கணினியின் முன் அமர்ந்திருக்கும் நீங்களாக இருக்கலாம். மூன்றாவதாக எதுவும் கிடையாது.

நிரல் பதில் சொல்வது எப்படி என்று பார்ப்போம். உங்கள் கணினிக்கு ஒரு முகவரி இருக்கிறது. அந்த முகவரிக்குள், ஒரே கட்டடத்தில் வரிசையாக எண்ணிட்ட கதவுகள் போல, 65,535 வரை எண்ணிட்ட போர்ட்டுகள் இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் இணைப்பை ஏற்க விரும்பும் நிரல் ஏதாவது ஒரு போர்ட்டில் காத்திருக்கும். கோப்புகளைப் பகிரும் விண்டோஸ் சேவை 445இல் காத்திருக்கும். தொலைவிலிருந்து கணினியின் திரையை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் 3389இல், கட்டளைகளால் இயக்கும் எஸ்எஸ்எச் 22இல். யாரும் காத்திராத போர்ட்டைத் தட்டினால் இணைப்பு உண்டாகாது, அங்கே உடைக்க எதுவும் இல்லை.

காத்திருக்கும் நிரலை ஏமாற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அதன் எழுத்தில் உள்ள பிழை. எதிர்பாராத வடிவில் ஒரு செய்தியை அனுப்பினால் நிரல் தடுமாறி, அந்தச் செய்திக்குள் ஒளித்துவைத்த கட்டளைகளை இயக்கிவிடும். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தாலும் இது நடக்கும், உங்கள் தரப்பில் ஒரு கிளிக் கூடத் தேவையில்லை. இன்னொன்று, கடவுச்சொல்லை ஊகிப்பது. நிரலில் பிழையே இல்லையென்றாலும் உங்கள் கடவுச்சொல் எளிதாக இருந்தால் போதும்.

நீங்களே பதில் சொல்வது என்பது இணைப்பைத் திறப்பது, கோப்பை இயக்குவது, தொலைபேசியில் பேசுபவர் சொல்வதைக் கேட்டு அவருக்குத் திரையைக் கொடுப்பது. இன்று வீட்டுக் கணினிகளை வீழ்த்தும் வழிகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

என் கணினியில் எந்த நிரல்கள் காத்திருக்கின்றன என்று எப்படிப் பார்ப்பது?

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய், அங்கிருந்து ரிசோர்ஸ் மானிட்டரைத் திறவுங்கள். அதில் நெட்வொர்க் என்ற தாவலின் அடியில் லிஸனிங் போர்ட்ஸ் என்றொரு பட்டியல் மடங்கிக் கிடக்கும். அதை விரித்தால் நிரலின் பெயர், முகவரி, போர்ட் எண், ஃபயர்வால் (இணைப்புகளை அனுமதிக்கும் அல்லது தடுக்கும் காவல் நிரல்) நிலை ஆகியவை வரிசையாகத் தெரியும்.

முதல்முறை பார்ப்பவருக்குப் பகீரென்றிருக்கும், ஏனெனில் பட்டியல் நீளமாக இருக்கும். பதற வேண்டாம். சிஸ்டம் என்ற பெயருக்கு எதிரே 445, எஸ்விசிஹோஸ்ட்டுக்கு எதிரே 135, 49664 முதல் தொடங்கும் சில பெரிய எண்கள் எல்லாம் விண்டோஸின் இயல்பான சேவைகள். முதலில் முகவரிப் பத்தியைப் பாருங்கள். லூப்பேக் என்றோ 127.0.0.1 என்றோ இருந்தால் அந்த நிரல் அதே கணினிக்குள் இருக்கும் நிரல்களுக்கு மட்டுமே பதில் சொல்லும், வெளியாருக்குச் சொல்லாது. அன்ஸ்பெசிஃபைட் என்றிருந்தால் எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் சொல்லத் தயாராக இருக்கிறது. அப்படி இருப்பவற்றில் ஃபயர்வால் நிலை அனுமதிக்கப்பட்டதாகக் காட்டும் வரிகள்தான் உங்கள் கவனத்துக்கு உரியவை.

அந்த வரிகளில் விண்டோஸைச் சேராத பெயர்களைக் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: இதை நான் நிறுவினேனா, இன்றும் பயன்படுத்துகிறேனா? எப்போதோ நிறுவி மறந்த தொலைக் கட்டுப்பாட்டு மென்பொருள், கோப்புப் பகிர்வு நிரல், பழைய விளையாட்டின் சர்வர், பிரிண்டருடன் வந்த துணை நிரல் ஆகியவைதான் வழக்கமாக அகப்படும். தேவையற்றதை நீக்கிவிடுங்கள். முடக்கிவைப்பதைவிட நீக்குவது மேல், ஏனெனில் இல்லாத நிரலுக்கு அப்டேட் தேவையில்லை, அதை உடைக்கவும் முடியாது.

லினக்ஸில் எஸ்எஸ் என்ற கட்டளையும் மேக்கில் எல்எஸ்ஓஎஃப் என்ற கட்டளையும் இதே பட்டியலைத் தரும்.

அப்டேட் வந்தால் உடனே போட வேண்டுமா? சில நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார்களே?

உடனே போடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. வரலாறு அவ்வளவு தெளிவாக இருக்கிறது.

2003 ஜூலை 16 அன்று விண்டோஸின் ஆர்பிசி சேவையில் இருந்த பிழைக்கு மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. ஆகஸ்ட் 11 அன்று அதே பிழையைப் பயன்படுத்தி பிளாஸ்டர் என்ற புழு (தன்னைத் தானே நகலெடுத்துக் கணினிக்குக் கணினி பரவும் தீநிரல்) கிளம்பியது. அறுபது விநாடிகளில் கணினி நின்றுவிடும் என்ற அறிவிப்பைத் திரையில் பார்த்தபடி கையைப் பிசைந்துகொண்டு நின்ற அத்தனை பேருக்கும் மருந்து நான்கு வாரங்களாகத் தயாராக இருந்தது. 2003 ஜனவரி 25 அன்று பரவிய ஸ்லாமருக்கு ஆறு மாதங்களுக்கு முன்பே, 2002 ஜூலையிலேயே திருத்தம் வந்துவிட்டது. வெறும் 376 பைட் அளவுள்ள அந்தப் புழு, பாதிக்கப்படக்கூடிய கணினிகளில் மிகப் பெரும்பாலானவற்றைப் பத்தே நிமிடங்களில் பிடித்துவிட்டது. 2017 மே 12 அன்று பரவிய வான்னகிரை என்ற புழு மருத்துவமனைகளையே முடக்கியது, சுமார் 150 நாடுகளுக்குப் போனது. அது நுழைந்த பிழைக்கு மார்ச் 14 அன்றே திருத்தம் வெளியாகியிருந்தது.

இந்த வரிசையில் ஒரு காரணகாரியம் இருக்கிறது. திருத்தம் வெளியான நாளிலிருந்து, பிழை எங்கே இருந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. பழைய நிரலையும் புதிய நிரலையும் ஒப்பிட்டுப் பார்த்தால் எந்த இடத்தை மாற்றியிருக்கிறார்கள் என்று திறமையுள்ளவர் கண்டுபிடித்துவிடுவார். ஆகவே திருத்தம் வந்த பிறகு அதைப் போடாமலிருக்கும் கணினிக்கு, திருத்தம் வருவதற்கு முன்பிருந்ததைவிட ஆபத்து கூடுதல்.

அப்டேட் போட்டதால் ஏதோ ஒன்று இயங்காமல் போனது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அப்படியும் நடக்கிறது. ஆனால் அந்தத் தொல்லையைப் பின்வாங்கிச் சரிசெய்யலாம். திருட்டுப்போன கடவுச்சொல்லைத் திரும்பப் பெற வழியில்லை.

இயங்குதளத்தோடு நிறுத்திவிடாதீர்கள். உலாவி, பிடிஎஃப் வாசிப்பான், கோப்புகளைச் சுருக்கும் நிரல், அலுவலக மென்பொருள் ஆகியவை வெளியிலிருந்து வரும் கோப்புகளை நாள் முழுவதும் தொட்டுக்கொண்டிருப்பவை. உலாவி திருத்தத்தைப் பதிவிறக்கிவிட்டு, மூடித் திறப்பதற்காகக் காத்திருக்கும். வாரக்கணக்கில் நூறு தாவல்களோடு மூடாமல் வைத்திருந்தால் திருத்தம் வந்தும் பயனில்லை.

என் விண்டோஸ் பழையது. நன்றாகத்தான் ஓடுகிறது. மாற்றித்தான் ஆக வேண்டுமா?

நன்றாக ஓடுவதும் பாதுகாப்பாக இருப்பதும் வேறுவேறு. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 10க்கு மட்டும், பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் தரப்படுகின்றன. அதற்கு அப்பால் கண்டுபிடிக்கப்படும் ஒவ்வொரு பிழையும் அந்தக் கணினியில் நிரந்தரமாகத் தங்கிவிடும். கணினி விண்டோஸ் 11ஐ ஏற்காது என்றால், இன்றும் பராமரிக்கப்படும் லினக்ஸ் வகை ஒன்றை நிறுவுங்கள். அதுவும் முடியாதென்றால் இணைய இணைப்பைத் துண்டித்து, தட்டச்சுக்கோ பாட்டுக் கேட்கவோ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ரவுட்டர் இருக்கிறது. அது போதாதா?

பெரிய உதவிதான். அதை மறுக்கவில்லை. ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினிகளுக்கு 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும் உள்முகவரிகளே இருக்கும். வெளியிலிருந்து அவற்றை நேரடியாக எட்ட முடியாது. யாரும் கேட்காமல் வரும் இணைப்பை யாரிடம் கொடுப்பது என்று ரவுட்டருக்குத் தெரியாததால் அதைத் தள்ளிவிடுகிறது. பிளாஸ்டர் காலத்தில் மோடத்தில் நேரடியாக இணைந்திருந்த கணினிகள் சில நிமிடங்களில் விழுந்தபோது, ரவுட்டருக்குப் பின்னால் இருந்தவை தப்பித்ததற்கு இதுதான் காரணம்.

ஆனால் இந்தத் தடுப்பில் நான்கு ஓட்டைகள் இருக்கின்றன. முதலாவது, யூபிஎன்பி என்ற வசதி. வீட்டுக்குள் இருக்கும் எந்த நிரலும் உங்களைக் கேட்காமலே ரவுட்டரிடம் சொல்லி ஒரு போர்ட்டை வெளியே திறந்துகொள்ள அது இடம் தருகிறது. விளையாட்டுகளுக்கு வசதி, தீநிரலுக்கும் அதே வசதி. அணைத்துவிடுங்கள். ஏதாவது விளையாட்டு முரண்டு பிடித்தால் அதற்கு வேண்டிய போர்ட்டை மட்டும் கையால் திறந்துகொள்ளலாம்.

இரண்டாவது, ஐபிவி6. இந்தப் புதிய முறையில் ஒவ்வொரு கணினிக்கும் வெளியிலிருந்து எட்டக்கூடிய சொந்த முகவரி கிடைத்துவிடுகிறது. உள்முகவரி தந்த மறைப்பு அங்கே இல்லை. ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் இயங்குகிறதா என்று அதன் அமைப்புப் பக்கத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

மூன்றாவது, ரவுட்டரே ஒரு கணினி. அதற்கும் பிழைகள் உண்டு, அதற்கும் கடவுச்சொல் உண்டு. 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த பயனர்பெயர்–கடவுச்சொல் இணைகள் அறுபது சொச்சத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அந்தப் படையைக் கொண்டு அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டின் என்ற நிறுவனத்தின் சர்வர்களைத் தாக்கியபோது பல பெரிய இணையதளங்கள் மணிக்கணக்கில் திறக்கவில்லை. ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வைஃபை கடவுச்சொல்லை அல்ல, அது வேறு, இது வேறு. இணையத்திலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் வசதியை அணையுங்கள். ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் ஓடும் நிரல்) அப்டேட் தானாக வருகிறதா என்று பாருங்கள். உற்பத்தியாளர் கைவிட்ட மாதிரி என்றால் அதை மாற்றும் செலவு வீண் செலவு அல்ல. கடவுச்சொல் தட்டாமல் வைஃபையில் இணைய உதவும் டபிள்யூபிஎஸ் என்ற பொத்தான் வசதியையும் அணையுங்கள். அதன் எட்டிலக்க எண்ணைக் கண்டுபிடிக்க அதிகபட்சம் 11,000 முயற்சிகள் போதும் என்று 2011இலேயே நிறுவிவிட்டார்கள்.

நான்காவது, ரவுட்டருக்கு உள்பக்கம் இருக்கும் பொருள்கள். டிவி, கேமரா, விருந்தினர் கொண்டுவரும் மடிக்கணினி ஆகியவற்றில் ஒன்று பிடிபட்டால், தாக்குபவர் ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிறார். அவரை ரவுட்டர் தடுக்காது. இப்படிப்பட்ட பொருள்களை விருந்தினர் வைஃபையில் தனியே வையுங்கள்.

கணினியில் இருக்கும் ஃபயர்வாலே போதுமா?

போதும். 2004 ஆகஸ்டில் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக் வந்ததிலிருந்து விண்டோஸ் ஃபயர்வால் தானாகவே இயங்கும் நிலையில் வருகிறது. தனியாக வாங்கத் தேவையில்லை. அதை அணைக்காமல் இருப்பதும், நெட்வொர்க் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதும்தான் உங்கள் வேலை. நம்பிக்கையான வீட்டு நெட்வொர்க் தவிர மற்ற எல்லா இடத்திலும் பப்ளிக் என்பதையே தேர்ந்தெடுங்கள். வீட்டிலும் கோப்புகளைப் பகிரவில்லை என்றால் அதே பப்ளிக் பொருத்தம்தான்.

புதிதாக ஒரு நிரலைத் திறக்கும்போது, இதை நெட்வொர்க்கில் அனுமதிக்கலாமா என்று ஒரு பெட்டி குறுக்கிடும். பெரும்பாலோர் படிக்காமல் அனுமதித்துவிடுகிறார்கள். அந்தக் கேள்வியின் பொருள், இந்த நிரல் வெளியாருக்குப் பதில் சொல்லலாமா என்பது. மறுத்தாலும் நிரல் தானாக வெளியே போய்த் தகவல் எடுத்துவர முடியும். எனவே முதலில் மறுத்துவிடுங்கள். எது இயங்கவில்லையோ அதற்கு மட்டும் பிறகு அனுமதி கொடுங்கள்.

வெளியூரிலிருந்து என் கணினியை நானே இயக்க வேண்டும். ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்துவைக்கலாமா?

இணையத்தை நோக்கி நேரடியாகத் திறந்துவைக்கவே கூடாது. 3389ஐத் திறந்து வைத்தால், தாமதமின்றிக் கடவுச்சொல் ஊகிக்கும் நிரல்கள் வந்து சூழ்ந்துவிடும். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் கும்பல்கள் விரும்பிப் பயன்படுத்தும் நுழைவாயில்களில் இது ஒன்று. 2019 மே மாதம் வெளியான புளூகீப் என்ற பிழையோ, கடவுச்சொல்லே இல்லாமல் நுழைய வழிவிட்டது. எண்ணை மாற்றி வைத்தால் தெரியாது என்று சிலர் சொல்வார்கள். எல்லாப் போர்ட்டுகளையும் சோதிக்கும் நிரலுக்கு எந்த எண்ணாக இருந்தாலும் ஒன்றுதான்.

சரியான வழி, வயர்கார்ட் போன்ற ஒரு விபிஎன்னை (இணையத்தின் ஊடே குறியாக்கம் செய்த தனி வழி) உங்கள் ரவுட்டரிலோ வீட்டுக் கணினியிலோ அமைத்து, அதற்குள் நுழைந்த பிறகே ரிமோட் டெஸ்க்டாப்பை எட்டுவது. சரியான சாவி இல்லாமல் வரும் செய்திக்கு வயர்கார்ட் பதிலே அனுப்பாது. தட்டிப் பார்ப்பவருக்கு அங்கே ஒரு சேவை இருப்பதே தெரியாது.

தொலைக் கட்டுப்பாட்டு மென்பொருள் நிறுவனங்களின் சேவையைப் பயன்படுத்தினால் அந்தக் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு, கைபேசிக்கு வரும் எண் போல இன்னொன்றையும் கேட்பது) கட்டாயம். ஒவ்வொரு இணைப்புக்கும் திரையில் அனுமதி கேட்கும்படி வைப்பது இன்னும் நல்லது.

விபிஎன் சேவைக்குப் பணம் கட்டினால் தாக்குதல்கள் நின்றுவிடுமா?

நிற்காது. விளம்பரங்களில் வரும் விபிஎன் உங்கள் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் வழியாக அனுப்புகிறது. நீங்கள் இயக்கிய தீநிரலை அது தடுப்பதில்லை, போடாத அப்டேட்டைப் போட்டுத் தருவதுமில்லை.

ஆண்டிவைரஸ் வாங்க வேண்டுமா?

விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் உடன் வருகிறது. சாதாரண வீட்டுப் பயனுக்கு அதுவே போதும் என்பது என் முடிவு. இரண்டு ஆண்டிவைரஸ்களை ஒன்றாக ஓடவிடாதீர்கள். டிஃபெண்டரில் டேம்பர் புரொடெக்ஷன் இயங்குகிறதா என்று மட்டும் பாருங்கள், தீநிரல் முதலில் செய்ய முயல்வது ஆண்டிவைரஸை அணைப்பதைத்தான்.

நான் எதையும் பதிவிறக்குவதில்லை. பிறகெப்படி மாட்டிக்கொள்வேன்?

பதிவிறக்குவதாகத் தெரியாத வகையில் செய்யவைப்பதுதான் இன்றைய உத்தி.

2024 முதல் பரவலாகியிருக்கும் ஒரு வலையை அருகில் வைத்துப் பாருங்கள். ஏதோ ஒரு தளத்துக்குப் போகிறீர்கள். நீங்கள் மனிதர்தானா என்று சரிபார்க்கும் பெட்டி வருகிறது. பழகிய பெட்டிதான், தயங்காமல் கிளிக் செய்கிறீர்கள். இப்போது மூன்று படிகள் சொல்லப்படுகின்றன: விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்துங்கள், கண்ட்ரோலோடு வி விசையை அழுத்துங்கள், என்டர் தட்டுங்கள். நீங்கள் முதலில் கிளிக் செய்தபோதே அந்தத் தளம் ஒரு கட்டளையை உங்கள் கிளிப்போர்டில் (நகலெடுத்தவை தற்காலிகமாகத் தங்கும் இடம்) வைத்துவிட்டது. முதல் படி கட்டளைப் பெட்டியைத் திறக்கிறது, இரண்டாவது படி அந்தக் கட்டளையை ஒட்டுகிறது, மூன்றாவது அதை இயக்குகிறது. பெட்டி சிறியது, கட்டளை நீளம். அதனால் கண்ணில் படும் பகுதியில் சரிபார்ப்பு எண் போல ஏதோ ஒன்றைப் பார்வைக்கு வைத்திருப்பார்கள். ஃபயர்வால் எதையும் தடுக்காது, ஏனென்றால் வெளியே போய்த் தீநிரலை எடுத்துவந்தது உங்கள் கணினியே. எந்த உண்மையான தளமும் நீங்கள் மனிதர் என்று நிறுவ உங்கள் கணினியில் கட்டளை இயக்கச் சொல்லாது. இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள், முக்கியமாகப் பெரியவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும்.

இரண்டாவது வலை தொலைபேசி. உங்கள் கணினியில் வைரஸ் இருப்பதாகவோ, வங்கிக் கணக்கில் சந்தேகமான பரிமாற்றம் நடந்ததாகவோ ஒருவர் அழைப்பார். திரையைப் பார்த்து உதவுகிறேன் என்று சொல்லித் தொலைக் கட்டுப்பாட்டு நிரலை நிறுவச் சொல்வார். நிரல் உண்மையானது, ஆண்டிவைரஸும் குறை சொல்லாது. நீங்கள் ஒன்பது இலக்கமோ பத்து இலக்கமோ உள்ள எண்ணைப் படித்துச் சொல்லி, அவர் கேட்கும் அனுமதியையும் கொடுத்த அந்த நொடியில் கணினி அவர் கைக்குப் போய்விடுகிறது. தாமாக அழைத்தவருக்குத் திரையைக் கொடுக்காதீர்கள். இதற்கு விதிவிலக்கே வைத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது, கோப்பின் உண்மையான வகையை மறைப்பது. 2000 மே மாதம் உலகைச் சுற்றிய காதல் கடிதப் புழு, டிஎக்ஸ்டி என்று முடியும் சாதாரண உரைக்கோப்பு போலக் காட்சி தந்தது. உண்மையில் அதன் கடைசி ஒட்டு விபிஎஸ், அதாவது இயங்கக்கூடிய நிரல். விண்டோஸ் கடைசி ஒட்டை மறைத்துக் காட்டியதால் யாருக்கும் தெரியவில்லை. இன்றும் விண்டோஸ் அதை மறைத்தே வருகிறது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ பகுதியில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை இயக்குங்கள். அரை நிமிட வேலை இது.

உலாவியின் நீட்சிகள் (எக்ஸ்டென்ஷன்கள்) ஆபத்தா?

ஆபத்தாகலாம். நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு பக்கத்தையும் படிக்கும் அனுமதி பல நீட்சிகளுக்கு இருக்கிறது. நல்ல நீட்சி கைமாறிக் கெட்டதாகவும் ஆகும். கிரேட் சஸ்பெண்டர் என்ற புகழ்பெற்ற நீட்சி புதியவர் கைக்குப் போன பிறகு, தீநிரல் இருப்பதாகச் சொல்லி 2021 பிப்ரவரியில் கூகுள் அதை நீக்கியது. பயன்படுத்தாததை நீக்குங்கள், மிஞ்சுவது மூன்று நான்கு என்றால் நல்லது.

கடவுச்சொற்களை எப்படி வைத்துக்கொள்வது?

ஒவ்வொரு தளத்துக்கும் வெவ்வேறு, நீளமான கடவுச்சொல். நினைவில் வைக்க முடியாது என்பதால் கடவுச்சொல் மேலாளர் நிரல் ஒன்று வேண்டும். எங்கோ ஒரு தளத்திலிருந்து கசிந்த கடவுச்சொல்லை மற்ற எல்லாத் தளங்களிலும் போட்டுப் பார்ப்பது தானாக ஓடும் வேலை. ஒன்றையே எல்லா இடத்திலும் வைத்திருப்பவருக்கு ஒரே கசிவில் எல்லாம் போய்விடும். மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் இரட்டைச் சரிபார்ப்பு வையுங்கள். கடவுச்சொல்லுக்குப் பதிலாக உங்கள் கருவியில் இருக்கும் சாவியால் நுழையவிடும் பாஸ்கீ கிடைக்கும் இடத்தில் அதைத் தேர்ந்தெடுங்கள், அது போலித் தளத்தில் வேலை செய்யாது.

இரட்டைச் சரிபார்ப்பையும் தாண்டும் ஒரு வழி உண்டு என்பதைத் தெரிந்துவையுங்கள். உள்நுழைந்த பிறகு தளம் உங்கள் உலாவியில் ஒரு குக்கியை வைக்கிறது. மறுமுறை கேட்காமல் விடுவது அதனால்தான். தகவல் திருடும் தீநிரல்கள் அந்தக் குக்கியையே எடுத்துப் போய்விடுகின்றன. அதை வைத்திருப்பவரிடம் தளம் கடவுச்சொல்லும் கேட்காது, எண்ணும் கேட்காது.

அன்றாட வேலைக்கு நிர்வாகிக் கணக்கு கூடாது என்கிறார்களே?

உண்மை. சாதாரணக் கணக்கில் இயங்கும் தீநிரல் உங்கள் கோப்புகளைக் கெடுக்கலாம், ஆனால் கணினி முழுவதையும் எளிதில் தனதாக்கிக்கொள்ள முடியாது. நிர்வாகிக் கணக்கைத் தனியே உருவாக்கி, நாள்தோறும் பயன்படுத்துவதைச் சாதாரணக் கணக்காக மாற்றுங்கள். பிள்ளைகளின் கணினியில் இதைச் செய்யாமல் விடாதீர்கள்.

மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குக் கவலையில்லையா?

கவலை குறைவு, இல்லாமல் போகவில்லை. மேக்கில் ஃபயர்வால் அணைந்த நிலையில்தான் வருகிறது, இயக்கிக்கொள்ளுங்கள். உபுண்டுவிலும் அதன் ஃபயர்வாலை நாமேதான் இயக்க வேண்டும். லினக்ஸில் எஸ்எஸ்எச் சர்வரை நிறுவியிருந்தால் கடவுச்சொல்லால் நுழைவதை மூடிவிட்டுச் சாவிக் கோப்பால் மட்டும் நுழையும்படி வையுங்கள்.

வட்டை முழுவதும் குறியாக்கம் செய்திருக்கிறேன். அது உதவுமா?

மடிக்கணினி திருட்டுப்போனால் உதவும். ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்குள் இணையம் வழியாக வந்தவருக்கு வட்டு திறந்தேதான் இருக்கும்.

ரேன்சம்வேர் வந்தால் பேக்கப் காப்பாற்றுமா?

கணினியோடு இணைந்திராத பேக்கப் காப்பாற்றும். எப்போதும் செருகியே வைத்திருக்கும் வெளிவட்டையும் ரேன்சம்வேர் பூட்டிவிடும். மேகச் சேமிப்புக்கும் பூட்டிய கோப்புகளே ஒத்திசைந்து போகும். பழைய பதிப்புகளை வைத்திருக்கும் சேவையாக இருந்தால் மட்டும் மீட்கலாம். இரண்டு வெளிவட்டுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, வேலை முடிந்ததும் கழற்றி வைப்பதே நான் பரிந்துரைப்பது. அவ்வப்போது ஒரு கோப்பைப் பேக்கப்பிலிருந்து எடுத்துத் திறந்து பாருங்கள்.

யாரோ உள்ளே வந்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. முதலில் என்ன செய்வது?

இணையத்தைத் துண்டியுங்கள். வைஃபையை அணையுங்கள், கேபிள் இருந்தால் பிடுங்குங்கள். தொலைவிலிருந்து இயக்குபவரின் கை அந்த நொடியில் அறுந்துபோகும். சுட்டி தானாக நகர்வதைப் பார்த்துக்கொண்டு அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

அடுத்து, வேறொரு சுத்தமான கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். தாக்கப்பட்ட கணினியிலிருந்து மாற்றினால் புதிய கடவுச்சொல்லையும் அவரே தட்டச்சு தட்டச்சாகப் படித்துக்கொள்வார். முதலில் மின்னஞ்சல், ஏனெனில் மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லை மீட்கும் வழி அங்கேதான் போகிறது. பிறகு வங்கி. ஒவ்வொரு கணக்கிலும் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்துங்கள். திருடப்பட்ட குக்கி அப்போதுதான் செல்லாமல் போகும். மின்னஞ்சலில் தானாக முன்னனுப்பும் விதி எதையாவது புகுத்தியிருக்கிறார்களா, மீட்பு எண்ணை மாற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். திருடர்கள் திரும்பிவர வைத்துவிட்டுப் போகும் வழிகள் அவை. பணம் போயிருந்தால் வங்கிக்கு உடனே சொல்லுங்கள், காத்திருக்கும் ஒவ்வொரு மணியும் மீட்பைக் கடினமாக்கும்.

ஆண்டிவைரஸ் ஓடவிட்டு, கண்டுபிடித்ததை நீக்கிவிட்டேன். இனி அந்தக் கணினியைப் பயன்படுத்தலாமா?

கூடாது. கண்டுபிடிக்கப்பட்டது நீங்கியது, அவ்வளவுதான். அது வேறு எதை உள்ளே கொண்டுவந்து வைத்தது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. வட்டை அழித்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுங்கள். நிறுவும் யூஎஸ்பியை வேறொரு கணினியில், இயங்குதள நிறுவனத்தின் தளத்திலிருந்தே தயாரியுங்கள். படங்கள், ஆவணங்கள் மட்டும் திரும்பி வரட்டும். பழைய கணினியில் இருந்த நிறுவல் கோப்புகளையும் உரிமம் வாங்காமல் உடைத்துப் பயன்படுத்திய மென்பொருள்களையும் கூடவே ஏற்றாதீர்கள், நுழைந்தவர் அவற்றில் ஒன்றின் வழியாகவே வந்திருக்கக்கூடும். எல்லா அப்டேட்டுகளையும் போட்டு முடித்த பிறகே கணக்குகளில் நுழையுங்கள்.